‘கலப்பினக் கன்று’ வாங்குகிறவர்கள் ஒட்டுக்குக் கீழே பாருங்கள்

ஆறு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு வளர்த்த மரம் சென்ற மாதம் காய்த்தது. எலுமிச்சை அளவில் மஞ்சள் காய், தோலெல்லாம் மெல்லிய மயிர். அறுத்தால் உள்ளே சாற்றைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு விதை. ஒரு சுளையை நாக்கில் வைத்தேன். கசப்பும் பிசின் வாடையும் சாப்பிடும் நேரம்வரை போகவில்லை.

நான் பணம் கொடுத்தது மினியோலா டேஞ்செலோ என்ற ஆரஞ்சு வகைக் கலப்பினத்தின் ஒட்டுக்கன்றுக்கு. டங்கன் என்ற கிரேப்ஃப்ரூட்டையும் (பம்ளிமாஸின் உறவு) டான்சி என்ற டேஞ்சரினையும் (கமலா ஆரஞ்சு வகை) கலந்து அமெரிக்காவில் உருவாக்கி, 1931இல் வெளியிட்ட ரகம் அது. காம்புப் பக்கம் கழுத்து புடைத்திருக்கும்.

முதல் ஆண்டிலேயே மேல்கிளை காய்ந்தது. அடியிலிருந்து புதுத் துளிர் கிளம்பியது. ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள், பக்கத்தில் நீண்ட முள். விற்றவரிடம் படத்தைக் காட்டினேன். “கலப்பினம் அல்லவா? இரண்டு மரத்தைச் சேர்த்து ஒட்டியிருக்கிறோம், இலை மாறித்தான் வரும்” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். குளிர்காலத்தில் இலை மொத்தமும் உதிர்ந்தபோது, “நோய்” என்று சொல்லி ஒரு மருந்துப் புட்டியையும் என் தலையில் கட்டினார்.

ஒட்டுப் போட்டுக் கலப்பினம் பிறப்பதில்லை. அது பூவில் நடக்கிற காரியம். ஒன்றின் மகரந்தம் இன்னொன்றின் சூல்முடியில் சேர்ந்து, அந்த விதை முளைத்து வர வேண்டும். பம்ளிமாஸும் மாண்டரின் என்ற கமலா ஆரஞ்சும் அப்படிச் சேர்ந்ததில்தான் புளிப்பு ஆரஞ்சு வந்தது. அதனுடன் கடாரநாரத்தை சேர்ந்து லெமன் வந்தது. பார்படோஸ் தீவில் பம்ளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் யாரும் திட்டமிடாமலே கலந்து கிரேப்ஃப்ரூட்டைக் கொடுத்தன. இப்படிக் கிடைத்த ஒரு நல்ல மரத்தை அப்படியே பெருக்குவதற்குத்தான் ஒட்டு. மேலே இருப்பது ஒரு மரம், கீழே வேர்ச்செடி வேறு மரம். ஒட்டுக்கு மேலே மினியோலா காய்க்கும். கீழே துளிர்த்தால் வேர்ச்செடியின் காய்தான்.

டேஞ்சரினுக்கும் மூவிலை கிடையாது, கிரேப்ஃப்ரூட்டுக்கும் கிடையாது. பிறகு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வி எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும். நான் வளர்த்தது மூவிலை ஆரஞ்சு. குளிர் தாங்கும் வேருக்காக அதன்மேல் மற்ற ரகங்களை ஒட்டுவார்கள். குளிரில் இலை உதிர்ப்பது அதற்கு இயல்பு. நோயும் இல்லை, மருந்தும் வேண்டாம்.

வாங்கும்போது தண்டின் அடியில் ஒட்டுப் போட்ட புடைப்பைத் தேடிப் பாருங்கள். அதற்கு மேலே உயிருள்ள கிளை இருக்கிறதா என்று நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரியும். மேலே என்ன ரகம், வேர்ச்செடி எது என்று எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் புடைப்புக்குக் கீழே எது துளிர்த்தாலும் இளசிலேயே கிள்ளிவிடுங்கள்.

விற்றவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. மரத்தை நான் வெட்டிப் போடவில்லை, வேர் நல்ல வேர். போன வாரம் பட்டையைக் கீறி, நண்பர் தோட்டத்து மாண்டரின் மொட்டு ஒன்றைச் செருகிக் கட்டினேன். நாடாவுக்குள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.