நடுத்தண்டைத் தூக்காதீர்கள்: ஒரு ட்ரைபாட்டுடன் ஆறு வருஷம்

ஒன்றரைக் கிலோ அலுமினிய ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி), நாலு அடுக்குக் கால்கள், கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்து இறுக்கும் பால் ஹெட். வாங்கிய புதிதில் இதைத் திட்டாத நாளில்லை. இரவுப் படத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துவாரம் எஃப்/8, ஷட்டர் 20 விநாடி என்று எல்லாம் சரியாக வைத்தும் தெருவிளக்குகள் இரட்டை இரட்டையாக விழுந்தன.

தப்பு என்னுடையதுதான். குனியச் சோம்பல்பட்டு நடுத்தண்டை முழுக்கத் தூக்கிவிடுவேன். அப்புறம் மூன்று கால் இருந்தென்ன, கேமரா நிற்பது அந்த ஒற்றைத் தண்டில்தானே? இப்போது தடித்த மேல் அடுக்குகளைத்தான் முதலில் நீட்டுகிறேன். ஒல்லியான கடைசி அடுக்கு முடிந்தவரை உள்ளேயே இருக்கும்.

மதுரையில் வைகைப் பாலத்து நடைபாதையில் ஒருநாள் லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், கரையோர விளக்கு ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ் ஒன்று கடந்ததும் அந்த வெளிச்சப் புள்ளி துடிதுடித்தது. அடங்கச் சில விநாடி ஆனது. பாலமே அதிரும்போது ட்ரைபாட் பாவம், என்ன செய்யும்? இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் அங்கே ஷட்டரைத் திறக்கிறேன். அதுவும் இரண்டு விநாடி டைமரில், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு.

தனுஷ்கோடிக் காற்று வேறு ரகம். கனம் சேர்க்கலாமென்று ட்ரைபாட்டின் கொக்கியில் பையை மாட்டினால் அது ஊஞ்சலாடி, இருந்த கொஞ்ச நிதானத்தையும் கெடுத்தது. பையின் அடி தரையில் லேசாகப் படும்படி தொங்கவிட்டதும் சரியாயிற்று. பால்வீதி எடுக்கும்போது மட்டும் ட்ரைபாட்டை நம்பி நேரத்தை நீட்ட முடியாது. என் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 18 மிமீ லென்ஸுக்கு 18 விநாடி தாண்டினாலே நட்சத்திரங்கள் கோடாக இழுக்கும். பூமி சுற்றுகிறதே!

அந்தக் கடற்கரை மணல் கால் பூட்டுகளுக்குள் போய் நறநறவென்றது. நல்ல தண்ணீரில் கழுவி, கழற்றிக் காயவைத்து, கிரீஸ் தடவினேன். தொலைந்துபோன ஒரு கால் ரப்பருக்குப் பதில், மெடிக்கல் ஷாப்பில் கிடைத்த ஊன்றுகோல் ரப்பர்தான் இன்றுவரை ஓடுகிறது.

தஞ்சைப் பெரிய கோவில் போலத் தொல்லியல் துறை வசமுள்ள இடங்களில் ட்ரைபாட்டுக்கு முன் அனுமதி வேண்டும். தெரியாமல் போய், சுமந்ததுதான் மிச்சம்.

தீராத குறை பால் ஹெட். கனமான 70-200 மிமீ ஜூம் லென்ஸை மாட்டி இறுக்கிய பிறகும் ஒரு மயிரிழை கீழே இறங்கும். கொஞ்சம் மேலே குறிவைத்துச் சமாளிக்கிறேன். அதை மட்டும் மாற்றப்போகிறேன், கால்கள் இருக்கட்டும்.