மூன்று நாள் மௌனத் தியானம், திருகோணமலை

இருபத்தெட்டு வருடம் வரலாறு படிப்பித்தவள் நான். இயேசுவையும் பொந்தியு பிலாத்து யூதேயாவில் ஆளுநராக இருந்த கி.பி. 26–36க்குள் கொண்டுபோய் நிறுத்தினால்தான் எனக்கு நிம்மதி. மெதடிஸ்ற் வீட்டுப் பிள்ளை வேறு. கத்தோலிக்கத் தியான இல்லத்துக்குப் போகிறேன் என்றதும் அக்கா சிரித்தா.

மூன்று நாளுக்கு 7500 ரூபாய், சாப்பாட்டோடு. அறை சின்னது, துப்புரவு. காலையில் இடியப்பமும் சொதியும். சொதிக்குக் குறை சொல்ல முடியாது. மின்விசிறி இரவு முழுக்கக் கடகடவென்றது, சொல்லியும் திருத்தவில்லை. மௌனத் தியானம் என்று போட்டுவிட்டு முதல் நாள் ஒன்றரை மணிநேரம் பிரசங்கம் வைத்தது அதைவிட எரிச்சல்.

பிரசங்கம் முடிந்த பிறகுதான் காசுக்கு வேலை நடந்தது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் தியான முறை. ரோமில் 1548இல் அங்கீகாரம் பெற்றது. முழுதாகச் செய்தால் முப்பது நாள். நற்செய்திக் காட்சி ஒன்றுக்குள் நாமே போய், பார்த்து, கேட்டு, மணந்து இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது எரிகோ வீதியோரத்துக் குருடன் பர்த்திமேயு. முதல் மணிநேரம், எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீற்றர் கீழே அல்லவா என்று யோசித்தபடியே போனது. வழிகாட்டிய சிஸ்டரிடம் அதையே சொன்னேன்.

"சரி ரீச்சர். புழுதி மணந்ததா?" என்றா.

இல்லை.

இரண்டாம் நாள் பின்னேரம், உள்ளே வந்து வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்த மானைப் பார்த்தபடி விறாந்தையில் இருந்தேன். ஊர் மான்கள்தானே, கேற்றுக்கு மதிப்பில்லை. அப்போதுதான் புழுதி மணந்தது. "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்று இயேசு கேட்ட கேள்வி குருடனைத் தாண்டி என்னிடம் வந்து நின்றது. எனக்குப் பதில் வரவில்லை. தேத்தண்ணியில் ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தேன். எந்த ஆண்டு என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிரவு லூக்கா 17:21ஐ எடுத்தேன். என் பழைய வேதாகமத்தில் தேவனுடைய ராஜ்யம் "உங்களுக்குள்". அறையில் வைத்திருந்த கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் "உங்கள் நடுவே". கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்குமாம். நான் பழையதில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.

போகிறவர்கள் நுளம்புத்திரி கொண்டு போங்கள். விறாந்தைப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்குங்கள்.