நியூயார்க் சுதந்திர தேவி சிலை பாக்கப் போறீங்களா? ரோட்டுல நிக்கிறவன்கிட்ட டிக்கெட் வாங்காதீங்க

ஊர்ல இருந்து அப்பா அம்மாவ வரவழைச்சு நியூயார்க் சுத்திக் காட்டணும்னு இருக்கவங்க இத ஒரு தடவ படிச்சிருங்க. போன மாசம் 147 டாலர் குடுத்து நல்லா ஏமாந்தேன், அதுவும் 6 வருஷமா பக்கத்துல நியூ ஜெர்சியிலயே குடியிருந்துட்டு, அதான் வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

அப்பா 30 வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்துல சமூக அறிவியல் வாத்தியார். அவருக்கு டைம்ஸ் ஸ்கொயரும் வேணாம், ஷாப்பிங்கும் வேணாம். சிலையப் பாக்கணும், அதவிட முக்கியமா பக்கத்துல இருக்க எல்லிஸ் தீவுல எறங்கணும். 1892ல இருந்து 1954 வரைக்கும் 1.2 கோடி பேர் கிட்ட கப்பல்ல வந்து எறங்கி, டாக்டர் கண் இமையத் திருப்பிப் பாத்து, ஆயிரத்தெட்டு கேள்வி கேட்டு உள்ள விட்ட எடம். "இந்த நாட்டத் தெரிஞ்சுக்கணும்னா அங்க இருந்துதான்டா ஆரம்பிக்கணும்"னு வந்து எறங்குன நாள்ல இருந்து இதே பேச்சு.

சரின்னு ஒரு சனிக்கிழம பென் ஸ்டேஷன் வந்து 1ஆம் நம்பர் சப்வே புடிச்சு சவுத் ஃபெர்ரி ஸ்டேஷன்ல எறங்குனோம். ஆன்லைன்ல டிக்கெட் எடுக்கல, அது என் தப்பு, ஒத்துக்கறேன். படியேறி வெளிய வந்தா உடனே ஒருத்தன், பளிச்சுனு கையில்லாத கோட்டு மாதிரி ஒரு வெஸ்ட், கழுத்துல ஐடி கார்டு, கையில லேமினேட் பண்ண மேப்பு. பாத்தா கவர்மெண்ட் ஆளு மாதிரியே இருக்கான். அம்மாவப் பாத்து "நமஸ்தே மம்மி"ன்னு கும்பிடு வேற. கவுண்டர்ல இன்னைக்கு 3 மணி நேரம் க்யூ சார், பெரியவங்கள வெயில்ல நிக்க வைக்காதீங்க, நம்ம போட்ல க்யூவே கிடையாது, ஆளுக்கு 45ன்னான். சிலை வரைக்கும் போகுமான்னு கேட்டேன், "சிலைக்கு ரொம்பப் பக்கத்துல போகும் சார்"னான். எல்லிஸ் தீவுன்னு கேட்டதுக்கும் "பாக்கலாம் சார், ரெண்டும் பாக்கலாம்"னான். இப்ப யோசிச்சா அவன் ஒரு வார்த்த கூட பொய் சொல்லல. நான்தான் தீவுல எறங்க விடுவாங்களான்னு கேக்கல. கார்டு தேச்சான், அதுல ஆளுக்கு 4 டாலர் சர்வீஸ் சார்ஜ் வேற.

அதுக்கப்பறம் போட் இங்க இல்ல, பஸ்ல போகணும்னாங்க. 40 நிமிஷம் ரோட்டோரமா நின்னு, ஒரு பஸ்ல ஏத்தி கிழக்கு ஆத்துப் பக்கம் ஒரு படகுத் துறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அதாவது நாங்க எறங்குன எடத்துக்கு அந்தாண்ட. போட் கெளம்புச்சு, புரூக்ளின் பாலம்லாம் பாத்தோம், மைக்ல ஒருத்தர் ஜோக்கு சொல்லிட்டே வந்தாரு, பரவாயில்லையேன்னுதான் இருந்துச்சு. சிலைக்கு முன்னாடி ஒரு 10 நிமிஷம் நின்னுச்சு. அப்பா தோள்ல பைய மாட்டிக்கிட்டு, அம்மா தயிர்சாத டப்பாவ கையில எடுத்துக்கிட்டு கதவுகிட்ட போய் நின்னுட்டாங்க. போட் அப்படியே திரும்புச்சு. "டேய், இது நிக்காதா?"ன்னு அப்பா கேட்டப்ப எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

திரும்பி வந்து அந்த வெஸ்ட்காரனத் தேடுனா அந்த எடத்துல வேற ஒருத்தன் நிக்கிறான், அதே வெஸ்ட்டு. ரீஃபண்ட் கெடையாது, ஹேவ் எ கிரேட் டே சார்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். இந்த சிரிப்புலதாங்க நாம விழறோம். நம்ம ஊர் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தன் வந்து சார் சார்னா நாம பைய இறுக்கிப் புடிச்சுக்குவோம், இங்க அதையே ஐடி கார்டு மாட்டி இங்கிலீஷ்ல சொன்னா நம்பிடறோம்.

சரியான வழி என்னன்னா, ரெண்டு தீவுலயும் எறங்க விடற போட் சர்வீஸ் ஒண்ணே ஒண்ணுதான், ஸ்டேச்சு சிட்டி குரூசஸ். டிக்கெட்ட அவங்க வெப்சைட்லயோ, நியூயார்க் பக்கம்னா சவுத் ஃபெர்ரி ஸ்டேஷன் பக்கத்துல இருக்க பேட்டரி பார்க் உள்ள வட்டமா கல்லுல கட்டுன காசில் கிளிண்டன் கோட்டை கவுண்டர்லயோ மட்டும் வாங்குங்க. அடல்ட் டிக்கெட் 25 டாலர் சுமார், அதுலயே ரெண்டு தீவும் அடக்கம், சீனியர்களுக்கு இன்னும் கம்மி. தீவுல தனியா நுழைவுக் கட்டணம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இன்னொரு அடையாளம், ஏர்போர்ட் மாதிரி பைய ஸ்கேன் பண்ணித்தான் அந்த போட்ல ஏத்துவாங்க. ஸ்கேன் இல்லாம ஏத்துனா நீங்க வேற போட்ல இருக்கீங்க. தூரத்துல இருந்து சிலையப் பாத்தா போதும்னா காசே வேணாம், பக்கத்துலயே ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி, ஆரஞ்சு கலர் பெரிய போட், 1997ல இருந்து ஃப்ரீ, ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும். அதுக்கும் டிக்கெட் விக்கிறவன் இருக்கான்னு சொல்றாங்க, சிரிக்கறதா அழுவறதா.



அடுத்த புதன்கிழம லீவு போட்டு நியூ ஜெர்சி பக்கம் இருக்க லிபர்ட்டி ஸ்டேட் பார்க்ல கார நிறுத்திட்டு அங்க இருந்தே போனோம். ஆமா, அங்க இருந்தும் அதே போட் போகுது, வீட்டுல இருந்து கிட்ட, 10 நிமிஷம் கூட க்யூ இல்ல. எல்லிஸ் தீவு மாடியில அந்தப் பெரிய ரெஜிஸ்ட்ரி ஹால், மேல வளைஞ்ச ஓட்டுக் கூரை, கீழ பழைய மர பெஞ்சு. அப்பா ஒரு பெஞ்சுல போய் உக்காந்தவரு முக்கா மணி நேரம் எந்திரிக்கல. நானும் கூப்பிடல.

வீட்டுக்கு வந்து கார்டு கம்பெனிக்கு கம்ப்ளெயிண்ட் எழுதலாம்னு அந்த ரசீத எடுத்தேன். அப்பா வாங்கி கண்ணாடி போட்டு மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. கடைசில பொடி எழுத்துல, போட் எந்தத் தீவுலயும் நிக்காதுன்னு இருக்க வரிக்கு அடியில பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி சிவப்புப் பேனாவால கோடு போட்டு நீட்டுனாரு. வாத்தியார் கோடு போட்ட அதே வரிய காட்டித்தான் போன வாரம் கார்டு கம்பெனிக்காரனும் காசு திரும்பத் தர முடியாதுன்னு எழுதியிருக்கான்.