கோத்தகிரி சிலோன் ரொட்டி கடை: சம்பல் சூப்பர், தாத்தா பேரன் சண்டை அதவிட சூப்பர்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல இருந்து கொஞ்சம் கீழ இறங்குனா போர்டே இல்லாத ஒரு சின்ன கடை, ஊர்ல யார கேட்டாலும் சிலோன் கடைன்னு கை காட்டுவாங்க. நாலு பெஞ்சு தான், சாயங்காலம் மிஸ்ட் இறங்குனா உக்கார எடம் கெடைக்காது.

முதல்ல சாப்பாடு. தேங்கா ரொட்டி கண்டிப்பா சாப்புடுங்க. மைதால துருவுன தேங்கா, பொடியா நறுக்குன வெங்காயம், பச்சமிளகா எல்லாம் போட்டு பெசஞ்சு உள்ளங்கையால தட்டி கல்லுல போடுறாங்க, எண்ணெய் கிட்டத்தட்ட கெடையாது, ஓரத்துல அங்கங்க கருகி இருக்கும், அந்த கருகலு தான் ருசியே. தொட்டுக்க கட்டச்சம்பல், காஞ்ச மிளகா சின்ன வெங்காயம் மாசி கருவாடு எல்லாம் அம்மில வெச்சு நசுக்கி எலுமிச்சம்பழம் புழிஞ்சது. மொத வாய்க்கே கண்ணுல தண்ணி வந்துரும், ஆனா கை நிக்காது. பால் டீ சுமார் தாங்க, இஞ்சி தட்டி போட்ட பிளேன் டீ கேளுங்க. பிரியாணின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அத பத்தி பேசாம விட்டுடலாம்.

ஆனா நான் இந்த ரிவ்யூ எழுதுறதுக்கு காரணமே வேற. கல்லாப்பெட்டிகிட்ட உக்காந்திருக்கற தாத்தா இலங்கைல ஹட்டன் பக்கம் டீ எஸ்டேட்ல பொறந்தவரு, அங்க இருந்த தோட்ட தமிழர்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்புன 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்த குடும்பம், தலைமன்னார்ல கப்பல் ஏறி மண்டபம் கேம்ப் வழியா வந்து டான்டீல, அதான் தமிழ்நாடு அரசு தேயிலை தோட்டத்துல வேல பாத்தவரு. அடுப்புல நிக்கறது பேரன். தாத்தா இலங்கை முன்னாள் ஜனாதிபதி ரணில் கட்சி, பேரன் 2024ல அவர தோக்கடிச்சு ஜனாதிபதி ஆன அநுர கட்சி. ரெண்டு பேருக்கும் அங்க ஓட்டு கெடையாது, ஆனா 2024 செப்டம்பர்ல நடந்த ஜனாதிபதி தேர்தல் இந்த கடைல மட்டும் இன்னும் முடியல.

டிவி விவாதம் எல்லாம் இதுகிட்ட நிக்க முடியாதுங்க, ஏன்னா ரெண்டு பேரும் விஷயத்தோட பேசுறாங்க. தாத்தா ஆரம்பிப்பாரு, ஆறு தடவ பிரதமரா இருந்த மனுசன், 2022ல பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்க கியூல நின்னப்ப பொறுப்ப ஏத்துக்க எவன் வந்தான், ஐஎம்எஃப் கிட்ட பேசி நாட்ட நிமித்துனது யாருன்னு. உடனே பேரன் ரொட்டிய திருப்பிகிட்டே, ஆறு தடவ இருந்தும் ஜனங்க நேரா ஓட்டு போட்டு ஒரு தடவ கூட ஜனாதிபதி ஆக்கலயே தாத்தா, 1999ல தோத்தாரு, 2005ல தோத்தாரு, 2020ல சொந்த சீட்டே போச்சு, 2022ல பார்லிமென்ட் ஓட்டுல தான வந்தாருன்னு கேப்பான். அந்த பார்லிமென்ட் ஓட்டுல ரணிலுக்கு 134, உன் ஆளுக்கு வெறும் 3ன்னு தாத்தா சிரிப்பாரு. ரெண்டே வருசத்துல அந்த 3 என்ன ஆச்சுன்னு பாத்தீங்களான்னு பேரன் திருப்பி போடுவான். 2019 ஜனாதிபதி தேர்தல்ல மூணு சதவீத சொச்சம் வாங்குன ஆளு 2024ல மொத ரவுண்டுலயே 42 சதவீதம், ரணிலுக்கு 17 தான், ரெண்டாவது வந்தது எதிர்க்கட்சி சஜித்.

யாருக்கும் 50 தாண்டாததால அந்த நாட்டு வரலாற்றுலயே மொத தடவயா விருப்ப வாக்கு எண்ணுனாங்க இல்லயா, அத பேரன் எனக்கு வெளக்குன விதம் இருக்கே, ரொட்டி கேட்டு வர்றீங்க, தீந்து போச்சு, அப்ப ரெண்டாவதா என்ன வேணும்னு சீட்டுல முன்னாடியே எழுதி குடுத்திருந்தா அது கணக்குல சேரும், ஆனா கடைசில கடைல மிஞ்சுன ரெண்டு அயிட்டத்துல ஒண்ணா இருந்தா மட்டும் தான். பேப்பர்ல படிச்சப்ப கூட எனக்கு இவ்ளோ தெளிவா புரியல.

இளைஞன் இளைஞன்னு பேரன் சொல்றப்ப தாத்தாக்கு வர்ற கோவம் பாக்கணும். அந்த தேர்தலப்ப ரணிலுக்கு 75, அநுரவுக்கு 55. அம்பத்தஞ்சு வயசுல ரிட்டயர்மென்ட் பேப்பர் ரெடி பண்ணுவாங்கடா, அதுவும் 2000லயே பார்லிமென்ட்டுக்கு போனவன், 2004ல விவசாய மந்திரி, இவன் என்ன புது மூஞ்சின்னு கேப்பாரு. நியாயம் தான். ஆனா பேரன் போன்ல அநுர பேசுற வீடியோ போட்டான்னா, சிங்களம் ஒரு வார்த்த புரியாத நம்ம ஊரு கவுடரும் டீய கீழ வெச்சுட்டு பாக்கறாரு, அந்த கவர்ச்சிக்கு தாத்தாகிட்ட பதில் இல்ல.

சண்டை உச்சத்துக்கு போறது பழைய கணக்குல. 71 கிளர்ச்சிக்கு முன்னாடி அநுரவோட ஜேவிபி கட்சிக்காரங்க எஸ்டேட் ஜனத்த இந்தியா விரிவாக்கத்தோட கையாள்னு வகுப்பு எடுத்தாங்க, அத மறந்துருவனான்னு தாத்தா. சரி தாத்தா, 1948ல உங்க அப்பாவோட குடியுரிமைய பறிச்சது யாரு கவர்மென்ட், ரணிலோட யூஎன்பி கட்சி தானேன்னு பேரன். கடையே கப்சிப். நான் தாத்தா அவ்ளோ தான்னு நெனச்சேன், மனுசன் நிதானமா சில்லறைய எண்ணிகிட்டே, 2003ல மிச்சம் இருந்தவங்களுக்கு குடியுரிமை குடுக்க சட்டம் வந்தப்ப பிரதமர் யாருன்னு கேட்டுச் சொல்லுடான்னாரு. ரணில் தான்! அன்னிக்கு ரவுண்டு தாத்தாவுக்கு.

என்ன கேட்டா அனுபவம்னு சொல்லி ஓட்டு கேட்டது தான் ரணிலுக்கு எடஞ்சல். கியூவ நிறுத்துன பேரோட வரியும் கரண்ட் பில்லும் ஏறுன கோவமும் அவரு கணக்குலயே வந்துருச்சு. தோட்ட தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1700ன்னு அறிவிச்சாரு, கம்பெனிங்க கோர்ட்டுக்கு போய்ட்டாங்க, தேர்தல் வரைக்கும் அந்த காசு கைக்கு வரல. இத பேசறப்ப மட்டும் மூலை பெஞ்சுல இருக்கற டான்டீ அக்காங்க எல்லாம் திரும்பி பாப்பாங்க. அதுல ஒருத்தங்க தான் சொன்னாங்க, ரெண்டு பேரும் இவ்ளோ கத்துறீங்களே, நுவரெலியால நம்ம ஜனம் ரெண்டு பேரையும் விட்டுட்டு சஜித்த தான முன்னாடி நிறுத்துச்சுன்னு. நவம்பர் பார்லிமென்ட் தேர்தல்ல நுவரெலியாவும் அநுர பக்கம் போச்சுல்லன்னு பேரன் இழுத்தான், அதுக்குள்ள கல்லுல இருந்த ரெண்டு ரொட்டி கரி.

கொறைன்னா இது தான், அரசியல் சூடு புடிச்சா ஆர்டர் வர அரை மணி நேரம் ஆகும், பசியோட போகாதீங்க. கை கழுவுற எடத்துல தண்ணி ஐஸ். ஜிபே கெடையாது, தாத்தா நம்ப மாட்டாரு, காசா எடுத்துட்டு போங்க. கார கொண்டு போனா மேல ரோட்லயே விட்டுட்டு நடந்து எறங்குங்க. சம்பல் பார்சல் தருவாங்க, ரொட்டி மட்டும் பார்சல் வாங்காதீங்க, குன்னூர் தாண்டறதுக்குள்ள வறண்டு இழுக்க ஆரம்பிச்சிரும். அஞ்சுக்கு நாலு ஸ்டார், பிரியாணிய எடுத்துட்டா அஞ்சே போடலாம்.