கம்பம் பட்டறையில் அம்பாசிடருக்குப் பொருத்திய மின்விசிறி

கம்பத்தில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில், எங்கள் பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடருக்கு மின்சார ரேடியேட்டர் விசிறி பொருத்திக்கொண்டோம். லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு அடிக்கடி ஏறி இறங்கும் வண்டி அது. இதே வேலையைச் செய்ய எண்ணுகிறவர்களுக்காக, அந்தப் பட்டறை செய்ததில் எது சிறப்பு, எது போதவில்லை என்பதை எழுதுகிறேன்.

பழைய விசிறி வாட்டர் பம்ப்பின் புல்லியோடு சேர்ந்து சுற்றுவதால், இன்ஜின் வேகம் குறைந்தால் காற்றும் குறைந்துவிடும். ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று நின்று நகரும்போதும், சபரிமலைக் காலத்து நெரிசலில் ஐடிலிங்கில் காத்திருக்கும்போதும், காற்று மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் அது மெதுவாகச் சுற்றும். மின்விசிறிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆனால் அந்த விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்டவர் பட்டறைக்காரர்தான், இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது அதையே. எங்கள் வண்டியில் மின்சாரம் தர இருந்தது, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் 22 ஆம்பியர் டைனமோ. இரவு மழையில் இரண்டு முகப்பு விளக்குகளே பத்து ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். அதன்மேல் வைப்பரும் இக்னிஷனும் ஓட வேண்டும். விசிறியும் சேர்ந்தால் டைனமோ தாங்காது. அதைவிட முக்கியமாக, ஐடிலிங்கில் டைனமோ ஏறக்குறைய எதையுமே தருவதில்லை என்பதால், நெரிசலில் விசிறி ஓடும் நேரமெல்லாம் பேட்டரிதான் கரையும். “டைனமோ வண்டிக்கு ஃபேன் மட்டும் மாட்டித் தர மாட்டேன் சார், ஆல்டர்னேட்டரும் மாத்தணும்” என்று அவர் உறுதியாகச் சொன்னார். டைனமோவுக்குப் பதிலாகப் பொருத்தும் ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கிலும் மின்சாரம் தரும். செலவு கூடியது, ஆனால் அவர் சொன்னதே சரி.

மாருதி 800-இல் வரும் விசிறியை ரேடியேட்டருக்குப் பின்புறம், காற்றை உள்ளிழுக்கும் விதத்தில் பொருத்தினார். பிளாஸ்டிக் டை கொண்டு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் கட்டிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அந்தக் கட்டு அதிர்வில் உராய்ந்து உராய்ந்து குழாயையே ஓட்டையாக்கிவிடும். இவர் பக்கச் சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் போட்டார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேவுக்கு (சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) தனி வயர் இழுத்து, ரிலேவை இயக்கும் வயரை மட்டும் இக்னிஷனோடு இணைத்தார். வெப்ப சுவிட்ச் 92 டிகிரியில் விசிறியை ஓட்டி 87-இல் நிறுத்தும். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ முன்பு கழற்றி எறிந்திருந்தார்கள்; அதையும், 82 டிகிரியில் திறக்கும் புதியதாக வாங்கி மாட்டினார். தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்துக்கு மேலே சுவிட்ச் இயங்கினால்தான் விசிறி ஓயாமல் ஓடாது என்பதை அவர் விளக்கிய பொறுமை பாராட்டத்தக்கது. டாஷ்போர்டில் கையால் போடும் சுவிட்ச் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலை ஏறத் தொடங்கும் முன்பே விசிறியை ஓடவிட அது உதவும்.

குறைகளும் உண்டு. விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு அமைக்காமலேயே வண்டியை ஒப்படைத்துவிட்டார்கள். கூடு இல்லாவிட்டால் விசிறிக்கு நேரே உள்ள பகுதி மட்டுமே குளிரும்; ரேடியேட்டரின் மூலைகளில் காற்று இழுபடாது. பழைய விசிறியைக் கழற்றியபின் புல்லியைப் பிடிக்கும் போல்ட்டுகள் தேவைக்கு மேல் நீளமாக இருக்கும் என்பதால் குட்டையான போல்ட் அல்லது தடித்த வாஷர் போட வேண்டும். அதையும் நாங்கள் நினைவூட்டிய பிறகே செய்தார்கள். சைலன்சர் குழாய்க்கு மிக அருகில் சென்ற ஒரு வயரை மாற்றிக் கட்டச் சொன்னபோது, மறுப்பில்லாமல் உடனே செய்து கொடுத்தார்கள்.

மின்சார வேலைக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் நம்பலாம். கூட்டை மட்டும் தகர வேலை செய்பவரிடம் தனியாகச் செய்து வாங்கிப் பொருத்துங்கள். வண்டியை எடுக்கும் முன், விசிறி ஓடும்போது முன்பக்க கிரில்லில் ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொள்ளாமல் விலகினால் மோட்டாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. அதை அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.