பெருங்குடி கோவொர்க்கிங்ல ஒரு வருஷம்

பல கம்பெனிக்காரங்க ஒரே ஆபீஸ்ல சீட் வாடகைக்கு எடுத்து வேலை பாக்குற கோவொர்க்கிங் இடம் அது. பேர் சொல்ல வேணாம்னு நினைக்கிறேன், ஆனா நாங்க நாலு பேர் ஒரு வருஷமா அங்கதான் உக்காந்து வேலை பாக்குறோம். நெட் சூப்பர், கரண்ட் போனா உடனே ஜெனரேட்டர், காபி நிஜமாவே நல்ல டிகாக்‌ஷன்.

கஷ்டமானது முதல் மாச பில்லுதான். பேசின வாடகைக்கு மேல 18% ஜிஎஸ்டி தனி, மீட்டிங் ரூம் ஃப்ரீ டைம் தாண்டினா மணிக்கு காசு. இத முன்னாடியே சொல்லிருக்கணும், சின்ன டீமுக்கு இதெல்லாம் பெரிய அடி.

சேர்றதுக்கு முன்னாடி கட்டாயம் ஒண்ணு கேளுங்க, பில்டிங்க எப்படி எடுத்திருக்காங்கன்னு. அமெரிக்கால வீவொர்க்னு ஒரு கோவொர்க்கிங் கம்பெனி, பில்டிங்க வருஷக்கணக்குல லீஸ் எடுத்து மாசக்கணக்குல வாடகைக்கு விட்டாங்க, 2019ல 4,700 கோடி டாலர் மதிப்பு, 2023 நவம்பர்ல திவால் மனு. இப்போ நிறைய கோவொர்க்கிங்காரங்க, வர்ற வருமானத்த பில்டிங் ஓனர்கூட பங்கு போடுற மாடலுக்கு வந்துட்டாங்க, சீட் காலியா இருந்தாலும் மொத்த வாடகையும் இவங்க தலைல விழாது. எங்க இடமும் அப்படித்தான், அதனாலதான் ரினியூ பண்ணேன்.

மேல் மாடில அவங்களே ஒரு ஆக்சிலரேட்டரும் (புது கம்பெனிங்க வளர உதவி பண்ணி பதிலுக்கு பங்கு வாங்குற திட்டம்) நடத்துறாங்க, உக்கார சீட்டும் மென்டரும் குடுத்து எங்க கம்பெனில 6% பங்கு கேட்டாங்க, பணம் கிடையாது. அமெரிக்காவோட பெரிய ஆக்சிலரேட்டர் ஒய் காம்பினேட்டர் 7 சதவீதத்துக்கு 1.25 லட்சம் டாலர் தராங்க, அதுக்கு மேல 3.75 லட்சம் டாலர் சேஃப்ல (இப்போ பணம், பங்கு பின்னாடிங்கிற ஒப்பந்தம்), அதோட பங்கு அடுத்த முதலீட்டு ரவுண்ட்ல கணக்காகும். வெறும் நாற்காலிக்கு 6% எப்படிங்க குடுக்குறது? வேணாம்னுட்டோம், கீழயே வாடகை கட்டிட்டு இருக்கோம்.