கிண்ணமா, தட்டா?

நாலைந்து மேசை, கண்ணாடி முழுக்க ஆவி, சுவரில் படத்தோடு ஒட்டிய விலைப்பட்டியல். சின்னச் சீனச் சாப்பாட்டுக் கடை எந்த ஊரில் இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பட்டியலில் அறுபது வகை எழுதியிருந்தாலும் கடை நிற்பது இரண்டின் மேல்தான்: கிண்ணத்தில் வரும் நூடுல்ஸ், தட்டில் வரும் டம்ப்ளிங், அதாவது கறியோ கீரையோ உள்ளே வைத்து மடித்த மாவுத் தோல். இரண்டுமே கோதுமை மாவு, இரண்டுமே மலிவு. கூட்டமாகப் போனால் இரண்டையும் சொல்லிவிடலாம், சிக்கலே இல்லை. தனியாகப் போய், வயிற்றில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால்?

உள்ளே நுழைந்ததும் காதில் என்ன விழுகிறது என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். மாவுக் கயிற்றை மேசையில் அறையும் 'டப், டப்' சத்தம் கேட்டால் நூடுல்ஸ். கேட்காவிட்டால் டம்ப்ளிங். நூடுல்ஸ் நாம் சொன்ன பிறகு பிறக்க வேண்டிய பொருள். டம்ப்ளிங் காலையிலேயே பிறந்து காத்திருக்கலாம், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கையால் இழுக்கும் நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர் கான்சு மாகாணத்தின் லான்சோ. மாட்டிறைச்சி சூப்பில் போட்டு, காலைச் சாப்பாடாகவே அதைச் சாப்பிடுகிற ஊர். பிசைந்து ஊறவிட்ட மாவை முறுக்கி, இரு கையாலும் இழுத்து, இரண்டாக மடித்து, மறுபடி இழுப்பார்கள். மடிப்புக்கு மடிப்பு இழை இரட்டிக்கும். ஏழு மடிப்பில் 128, எட்டாவதில் 256. மாவு அறாமல் இழுபடுவதற்குக் கொஞ்சம் காரம் சேர்ப்பார்கள். மிளகாய்க் காரம் இல்லை, வேதியியல் காரம்; அந்தக் காலத்தில் வறண்ட நிலத்துச் செடி ஒன்றை எரித்த சாம்பல், இப்போது தூள். நூடுல்ஸின் இளமஞ்சள் நிறம் அதனால் வருவதுதான்.

நல்ல கிண்ணத்துக்கு லான்சோக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒன்று தெளிவு, இரண்டு வெள்ளை, மூன்று சிவப்பு, நான்கு பச்சை, ஐந்து மஞ்சள். தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, மிளகாய் எண்ணெய், கொத்தமல்லியும் பூண்டுத் தழையும், கடைசியில் நூடுல்ஸ். கிண்ணம் வந்ததும் இதை வைத்தே கடையை எடைபோட்டுவிடலாம். சூப் கலங்கலாக இருந்தால் முதல் மதிப்பெண் அங்கேயே போச்சு. மிளகாய் எண்ணெயைக் கலக்குமுன் ஒரு கரண்டி சூப்பைத் தனியாகக் குடித்துப் பாருங்கள். எண்ணெய் கலந்துவிட்டால் எல்லாக் கடை சூப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எந்தத் தடிமன் வேண்டும் என்று கேட்பார்கள். தலைமுடி போன்ற மெல்லிசிலிருந்து இடுப்புவார் போன்ற அகலம்வரை உண்டு. மெல்லிசு அழகுதான், ஆனால் சூப்பில் விழுந்த நிமிடமே ஊறத் தொடங்கிவிடும். படம் எடுத்து, அனுப்பி, பதில் பார்த்துவிட்டு வந்தால் கிண்ணத்தில் இருப்பது கஞ்சி. நடுத்தரத் தடிமனில் உருண்டை இழையே என் தேர்வு. நிதானமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஷான்ஸி மாகாணத்துக் கத்திச் சீவல் நூடுல்ஸ் இன்னும் தோது. கெட்டியாகப் பிசைந்த மாவுக்கட்டியை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் கொதிக்கும் பானைக்குள் நேராகச் சீவித் தள்ளுவார்கள். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த அந்தத் துண்டுகள் பேச்சு முடியும்வரை பல்லுக்கு வேலை கொடுக்கும்.

சரி, 'டப்' சத்தம் கேட்கவில்லை. அப்படியானால் வருவது பெரும்பாலும் பொட்டலத்து நூடுல்ஸ்தான். தப்பில்லை, ஆனால் அதற்காக ஒரு கடைக்குப் போக வேண்டுமா? இங்கேதான் தட்டு முந்துகிறது.

டம்ப்ளிங் எப்படி இருக்கும் என்பதை மதிய நெரிசல் ஓய்ந்த பிறகு போனால் சாப்பிடாமலே சொல்லிவிடலாம். பின்மேசையில் யாராவது மாவுத்தூள் பூசிய தட்டோடு உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தால் நம்பி உட்காரலாம். கையால் தேய்த்த தோல் நடுவில் சற்றுத் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் இருக்கும். அதனால் அடி கிழியாது, மடிப்பு சேருமிடமும் மாவாகக் கடிபடாது. இயந்திரத் தோல் எங்கும் ஒரே கனம். மடிப்பைக் கடித்தாலே தெரிந்துவிடும். உறையவைத்து எடுத்தது என்பதற்காக முகம் சுளிக்க வேண்டாம். சீன வீடுகளிலேயே மொத்தமாக மடித்து உறையவைக்கிறார்கள்.

தட்டுக்குள்ளேயே மூன்று போட்டியாளர்கள். அவித்தது, வாணலியில் ஒட்டவைத்தது, சூப் அடைத்தது.

கடைசியை முதலில் தள்ளிவிடுகிறேன். சூப் அடைத்த சியாவ்லோங்பாவ் ஷாங்காய் பக்கத்துச் சரக்கு. பன்றித் தோலைக் காய்ச்சி ஆறவைத்தால் கெட்டிக் கூழாகும். அதைப் பொடியாக நறுக்கிக் கறியோடு கலந்து மடித்துவிடுவார்கள். ஆவியில் வேகும்போது உருகிச் சூப்பாகிறது. அருமையான யோசனை, ஆனால் தோல் மெல்லிசாகவும் இருக்க வேண்டும், கிழியவும் கூடாது. மலிவான கடையில் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். நான் சாப்பிட்டதில் பாதி, தூக்கும்போதே அடி பிய்ந்து கூடையில் சூப்பை விட்டுவிட்டது. மீதியில் ஒன்றை முழுசாக வாயில் போட்டு அண்ணம் வெந்ததும், இன்னொன்றைக் கடித்ததில் எதிரே இருந்தவர் சட்டை நனைந்ததும் என் தவறு. கரண்டியில் வைத்து, ஓரத்தில் சின்னதாய்க் கடித்து, உறிஞ்சிய பிறகுதான் சாப்பிட வேண்டும்.

வாணலி வகைக்கு குவோதியே என்று பெயர், 'சட்டியில் ஒட்டியது' என்று பொருள். எண்ணெயில் வரிசையாக அடுக்கி, மாவு கரைத்த தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிடுவார்கள். மேல்பாதி ஆவியில் வேகும். தண்ணீர் வற்றியதும் அடிப்பாதி முறுகும், இடையில் சரிகை போல ஒரு மொறுமொறுத் தகடு பிடிக்கும். நன்றாகச் செய்த குவோதியேவுக்கு முன்னால் அவித்தது தோற்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவசரத்தில் எண்ணெயில் பொரித்துக் கொடுத்துவிடுகிற கடைகள் நிறைய. சுவை சுமாராக இருந்தால் எண்ணெய் அதை மறைத்தும்விடும். அவித்ததில் ஒளிந்துகொள்ள இடமில்லை. முதல்முறை போகும் கடையில் நான் அவித்ததையே சொல்வதற்குக் காரணம் அதுதான். பிடித்திருந்தால் அடுத்த முறை குவோதியே.

அளவு விஷயத்தில் தட்டு கொஞ்சம் ஆளைக் கவிழ்க்கும். வடசீனக் கடைகளில் டம்ப்ளிங்கை எடைக்கணக்கில் கேட்பதுண்டு. ஒரு லியாங் என்பது 50 கிராம், ஒரு ஜின் 500. அரை ஜின் என்றால் கால் கிலோதானே என்று ஒருமுறை தனியாளாகச் சொல்லிவிட்டேன். அது மாவின் எடையாம். உள்ளே வைக்கும் கறியும் கீரையும் கணக்கில் வராது. முப்பது டம்ப்ளிங் வந்து இறங்கியது. பரிமாறிய அம்மா எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். கிண்ணத்தில் இந்த வம்பு கிடையாது, ஒருவருக்கு ஒன்று.

தொட்டுக்கொள்ள மேசையில் கறுப்பு வினிகர் இருக்கும். ஜென்ஜியாங் ஊர் வினிகர் ஒட்டரிசியில் செய்தது, லேசான இனிப்பு உண்டு. ஷான்ஸி வினிகர் சோளத்திலிருந்து வருவது, இன்னும் உறைப்பான புளிப்பு. சோயா சாஸைக் குறைத்து வினிகரைத் தாராளமாக விடுங்கள். டம்ப்ளிங்கின் உள்ளே ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கிண்ணம் கஷ்டம்தான். மேலே கறித்துண்டு இல்லாவிட்டாலும் சூப் எலும்பில் காய்ச்சியதாகவே இருக்கும். முட்டை பரவாயில்லை என்பவர்களுக்குச் சீனப் பூண்டுத்தழையும் முட்டையும் வைத்த டம்ப்ளிங் நல்ல வழி. அதிலும் சில கடைகளில் உலர்ந்த குட்டி இறாலைத் தூவிவிடுவார்கள், கேட்டுவிடுவது நல்லது. பன்றி மட்டும் வேண்டாம் என்றால் நிலைமை தலைகீழ். டம்ப்ளிங்கில் பன்றிதான் அதிகம். லான்சோ நூடுல்ஸ் ஹுய் என்னும் சீன முஸ்லிம்கள் வளர்த்தெடுத்தது, அவர்கள் கடையில் பன்றி இருக்காது.

அவித்த டம்ப்ளிங் சொன்னால் அது வெந்த தண்ணீரையும் ஒரு கிண்ணம் கேளுங்கள். வடக்கே அது வழக்கம். சாப்பாடு வெந்த நீரே சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் என்பார்கள். செரிக்க வைக்கிறதோ என்னவோ, மாவு கரைந்த அந்த வெந்நீர் வினிகருக்குப் பிறகு நாக்குக்கு இதமாக இருக்கிறது.

பார்சல் என்றால் இரண்டுமே வேண்டாம் என்பேன். சூப்பைத் தனியாகக் கட்டித் தந்தாலும் நூடுல்ஸ் உருண்டையாகிவிடும், அவித்த டம்ப்ளிங் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குவோதியே டப்பாவுக்குள்ளேயே வியர்த்து நமத்துப்போகும். அதற்குப் பதில் உறையவைத்த பச்சை டம்ப்ளிங் விற்பார்களா என்று கல்லாவில் கேளுங்கள். பல கடைகளில் பையில் போட்டுத் தருவார்கள். வீட்டில் உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும்.